"தொந்தரவே தராத நோயாளி": முதியோர் அறுவை சிகிச்சைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களின் வார்டில் புதிதாகச் சேரும் செவிலியர்கள், எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். கை கழுவுவது, கட்டிலின் தடுப்புக் கம்பியை உயர்த்துவது போன்றவற்றை எல்லோரும் சொல்லித்தருவதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நள்ளிரவு முதல் பட்டினி

நள்ளிரவு முதலே பட்டினி போட வேண்டியதில்லை. பொதுவாக, மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்புவரை லேசான உணவும், 2 மணி நேரம் முன்புவரை தண்ணீரும் தரலாம். மயக்கவியல் மருத்துவர் வேறு சொன்னால் மட்டுமே மாற்றம்.

அமைதியை நலம் என்று எழுதுதல்

டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் பெரும்பாலும் அறுவைக்குப் பின் முதல் மூன்று நாட்களுக்குள் தலைகாட்டும். கத்துபவரையும் டிரிப்ஸைப் பிடுங்குபவரையும் வார்டே கவனிக்கும். ஆனால் கூப்பிட்டால் மட்டும் கண் திறந்து, சோற்றை வாயிலேயே அடக்கிக்கொண்டு கிடப்பவருக்கும் அதே குழப்பம் இருக்கலாம்; அவருடைய தாளில் "நன்றாகத் தூங்கினார், தொந்தரவு இல்லை" என்று எழுதப்படுவதைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அப்படி எழுதப்பட்ட ஒரு பாட்டியின் மகள், "அம்மா என்னை யாரோ மாதிரிப் பார்க்கிறாங்க, சிஸ்டர்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். வயசானால் அப்படித்தான் என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. மாலையில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருந்தது. சிறுநீரை வெளியேற்றிய பிறகும் தெளிவு மெல்லத்தான் திரும்பியது. அவர் நடை பழகத் தொடங்கியிருக்க வேண்டிய நாட்கள் படுக்கையிலேயே கழிந்தன.

ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேளுங்கள். மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் செய்யுங்கள். விடை தடுமாறினால், நேற்றுவரை எப்படி இருந்தார் என்பதை வீட்டாரிடம் கேளுங்கள், ஏனெனில் அந்த மாற்றத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. மருத்துவரை அழைக்கும் முன் காய்ச்சல், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை, சிறுநீர், மலச்சிக்கல், வலி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

தூக்க மாத்திரை

தூக்கத்துக்குத் தரப்படும் அல்பிரசோலம் மாத்திரையும், ஒவ்வாமைக்கான அவில் ஊசியும் குழப்பத்தைக் கூட்டக்கூடியவை. தூக்க மாத்திரையை நெடுங்காலமாக எடுத்துவருபவருக்குத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே என்பதால், அதை அறுவைக்கு முன்பே விசாரித்துப் பதிவு செய்யுங்கள்.

கண்ணாடி, காதுக் கருவி, பல்செட்

தியேட்டரிலிருந்து வந்து, நன்றாக விழித்ததும் திருப்பிக் கொடுங்கள்.

வலி

கேட்டால் தரலாம் என்று காத்திருக்காதீர்கள். "பரவாயில்லம்மா" என்றே சொல்லிப் பழகியவர்கள் இவர்கள்; எழுதிய நேரத்துக்குப் பாராசிட்டமால் போய்ச் சேர்ந்தால்தான், மறுநாள் காலை அவர்களை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க முடியும்.