பிரிட்டனியின் உட்பகுதிக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையோடு திரும்பிவிடுவார்கள். சான் மாலோ மதில்மேல் ஒரு நடை, கார்னாக்கின் நட்ட கற்களுக்கு முன்னால் ஒரு போட்டோ, அவ்வளவுதான். உள்ளே, கோட்டைகளும் கருங்கல் வீடுகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் இருக்கும் பக்கம் ஒதுங்குகிறவர்கள் குறைவு. அப்படி ஒதுங்குகிறவர்களும் ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன். முதல் பயணத்தில் இரண்டு நாளுக்கு ஏழு கோட்டை என்று பட்டியல் போட்டு வைத்திருந்தேன். நான்குக்குத்தான் போய்ச் சேர முடிந்தது, அதில் இரண்டு பூட்டியிருந்தன.

தப்பு அந்தப் பட்டியலில்தான் இருந்தது. வரைபடத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பிரிட்டனியின் நான்குவழிச் சாலைகளில் சுங்கக் கட்டணமும் கிடையாது. ரென் நகரிலிருந்து ஜோஸ்லானுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் அந்தச் சாலையை விட்டு இறங்கிய மறுநிமிடம் கணக்கு மாறிவிடும். கிராமத்துச் சாலைகளில் பொதுவாக 80தான் உச்ச வேகம், ஊருக்குள் 50, பல இடங்களில் 30. முன்னால் ஒரு டிராக்டர் மாட்டிக்கொண்டால் அதுவும் இல்லை.

இரண்டாவது பயணத்தில் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பகுதிக்கு அதுதான் சரியான வழி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆற்றைக் கடக்கும் இடத்தைக் காவல் காக்கக் கோட்டை வந்தது, கோட்டையை ஒட்டி ஊர் வந்தது. ஊஸ்ட் ஆற்றோடு போனால் ஜோஸ்லான், மாலெத்ருவா, கடைசியில் அது வில்லேன் ஆற்றோடு சேரும் ரெதோன் வரிசையாக வரும். பூந்தொட்டிகளுக்குப் பேர்போன ரோஷ்ஃபோர் ஆன் தேர் கிராமமும் அங்கிருந்து பக்கம்தான். பிளாவே ஆற்றைப் பிடித்தால் போந்திவியில் தொடங்கிக் கடல்வரை போகலாம். ரான்ஸ் ஆற்றில் தினான். மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு ஆறு போதும்.

ஜோஸ்லானில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போவார்கள். பாறையோடு பாறையாக, ஆற்றுக்கு நேர்மேலே மூன்று வட்டக் கோபுரங்கள் எழும்பி நிற்கும். ஜன்னல்கள் கொஞ்சம்தான், முழுக்கப் போர்முகம். படம் எடுத்தாயிற்று, கோட்டை பார்த்தாயிற்று என்று கிளம்பிவிடுவார்கள். அவர்கள் பார்த்தது பாதிதான். டிக்கெட் எடுத்து உள்முற்றத்துக்குப் போனால் அதே கட்டடத்தின் மறுமுகம் வேறு மாதிரி இருக்கும். கல்லையே பின்னல் வேலை செய்ததுபோன்ற கைப்பிடிச் சுவர்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாத ஜன்னல் முகப்புகள், நடுவே கோட்டையின் உரிமையாளர்களான ரோஆன் குடும்பத்தின் குறிக்கோள் வாசகமான ‘ஆ ப்ளூஸ்’ எழுத்தெழுத்தாகச் செதுக்கப்பட்டிருக்கும். எல்லாமே கருங்கல். உளியை எளிதில் உள்ளே விடாத கல்லில் 500 வருஷத்துக்கு முன்னால் இதைச் செய்திருக்கிறார்கள். சில பூக்களின் ஓரம் மழுங்கிப் பாசி படிந்திருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கோட்டைக்கு ஒரு காலத்தில் ஒன்பது கோபுரங்கள். 1629இல் பிரெஞ்சு அரசரின் முதலமைச்சர் ரிஷ்லியூ பெரும்பாலானவற்றை இடிக்க வைத்தார். புராட்டஸ்டன்ட் படைகளுக்குத் தலைமை தாங்கிய ரோஆன் பிரபுவுக்குக் கிடைத்த தண்டனை அது. இப்போது மிஞ்சியிருப்பவை ஆற்றோரத்து மூன்றும் தனியாக நிற்கும் இன்னொன்றும்தான். ரோஆன் குடும்பம் இன்னும் இங்கேதான் குடியிருக்கிறது. அதனால் வீட்டுக்குள்ளே கீழ்த்தளத்தை மட்டும், அதுவும் வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். குளிர்காலத்தில் வழக்கமாகத் திறப்பதில்லை. மற்ற மாதங்களிலும் பிற்பகல் மட்டும் திறக்கும் நாட்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்கே போய் மூடிய கதவின் முன் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன் (ஒருமுறை கண்ணாடியிலும்).

ஃபூஜேரில் தவறு வேறு விதம். கோட்டை என்றால் உச்சியில் இருக்கும் என்று நம் கண் பழகிவிட்டது. இங்கே ஊர் மேலே, கோட்டை கீழே. நான்சோன் ஆறு வளைந்து ஓடும் சதுப்பான பள்ளத்தில், தண்ணீரையே அரணாக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேல் ஊருக்கு வந்து அண்ணாந்து தேடுகிறவர்களுக்கு ஒன்றும் அகப்படாது. சான் லெயோனார் தேவாலயத்தை ஒட்டிய பூங்காவுக்குப் போய்க் கீழே குனிந்து பாருங்கள். பதின்மூன்று கோபுரங்களோடு முழுக் கோட்டையும் தட்டில் வைத்ததுபோல் தெரியும். அப்புறம் படியிறங்கி உள்ளே போகலாம்.

ஆற்றைக் காருக்குள்ளிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. சாலை ஆற்றைப் பாலத்தில் ஒரு நொடி தொட்டுவிட்டுப் போய்விடும். ஆற்றோடு கூடவே ஓடுவது ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப்போன கரைப்பாதை. ஊஸ்ட் ஆற்றின் பெரும்பகுதி நாந்த்–பிரெஸ்ட் கால்வாயின் அங்கம். கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் வழிமறித்ததால், உள்நாடு வழியாகவே பிரெஸ்ட் துறைமுகத்துக்குச் சரக்கு போக வேண்டும் என்று நெப்போலியன் காலத்தில் தொடங்கிய வேலை அது. முடிந்தபோது நீளம் சுமார் 360 கிலோமீட்டர். ஜோஸ்லானிலிருந்து மாலெத்ருவா வரை சுமார் 25 கிலோமீட்டர் கரைப்பாதையில் ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வாடகை சைக்கிளில் சிறுவர்களோடும் போகலாம். சில கிலோமீட்டருக்கு ஒரு மதகும் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) அதையொட்டி மதகுக்காரரின் வீடும் வரும். பல வீடுகளின் முன்னால் பூச்செடிகள் இருக்கும். அவசரம் இல்லாவிட்டால் ஒரு படகு மதகுக்குள் நுழைந்து, தண்ணீர் வடிந்து, கதவு திறந்து வெளியேறும்வரை நின்று பாருங்கள்.

கால்வாய் முழுவதையும் படகில் போய்விடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். 1930இல் முடிந்த ‘கெர்லேதான்’ அணை கால்வாயை நடுவில் வெட்டிவிட்டது. 17 மதகுகள் ஏரிக்கு அடியில் இருக்கின்றன. 2015இல் ஏரியை வடித்தபோது அவை வெளியே தெரிய, சேறும் பட்டமரமுமான அந்தப் பள்ளத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள்.

சாப்பாடு. கிராமங்களில் மதியம் 12 மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் 2 மணிக்கு அணைத்துவிடுவார்கள். நான் 2.10க்கு ஒரு கடைக்குள் நுழைந்தேன். மேசைகளில் ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சிரித்த முகத்தோடுதான் சொன்னார், சமையலறை மூடியாயிற்று என்று. அன்று மதியம் பிஸ்கட்தான். திங்கள்கிழமை விடுமுறை விடும் கடைகளும் நிறைய. ஞாயிறு மதியம் என்றால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிரிட்டனியின் தோசை இரண்டு வகை. கோதுமையில் செய்யும் மெல்லிய இனிப்பு கிரேப் ஒன்று. கறுப்புக் கோதுமை என்று அவர்கள் சொல்லும் பக்வீட் மாவில் சுடும் உப்பு காலெத் இன்னொன்று. ‘கோம்ப்ளேத்’ என்று எழுதியிருந்தால் முட்டை, சீஸோடு பன்றி இறைச்சியும் உள்ளே இருக்கும். மாவு சைவம்தான், ஆனால் சில கடைகளில் சட்டியில் பன்றிக் கொழுப்பைத் தடவுவார்கள். சைவக்காரர்கள் கேட்டுவிடுவது நல்லது. கிண்ணத்தில் வரும் ‘சீடர்’ என்ற ஆப்பிள் பானம் வெறும் ஜூஸ் அல்ல. அதில் மது உண்டு, பிள்ளைகளுக்கு ஊற்றிவிடாதீர்கள்.

ஊர்ப்பெயர்களிலும் மாட்டிக்கொள்வோம். ‘சான்’ என்று தொடங்கும் ஊர்களுக்குக் கணக்கில்லை. ஜிபிஎஸ்ஸில் பெயரை மட்டும் போட்டால் வேறொரு புனிதரின் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடும். அஞ்சல் எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாவட்டத்தைச் சொல்லும்: ஜோஸ்லான், போந்திவி என்றால் 56, ஃபூஜேர் 35, தினான் 22. பெயர்ப்பலகைகளில் பிரெத்தோன் மொழியையும் பார்க்கலாம். ‘பிளூ’ என்றால் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்), ‘கேர்’ என்றால் குடியிருப்பு, ‘பென்’ என்றால் தலை. நாலைந்து சொல் தெரிந்துகொண்டால் வண்டிப் பயணம் அலுக்காது.

கடலோரத்து மடாலயத் தீவான மோன் சான் மிஷேலைப் பிரிட்டனிக் கணக்கில் சேர்க்கிறவர்கள் உண்டு. அது நார்மண்டியில் இருக்கிறது. பார்க்க ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள், ஆற்றுப் பயணத்தோடு குழப்ப வேண்டாம். மழையைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். பிரிட்டனியில் ஒரு நாளைக்குப் பலமுறை வெயிலடிக்கும் என்று ஊர்க்காரர்களே கிண்டலாகச் சொல்வார்கள். குடையைவிடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவும். தினானில் துறைமுகத்துக்கு இறங்கும் ஜெர்சுவால் தெருவின் கற்கள் நனைந்தால் வழுக்கும், வழவழப்பான அடி உள்ள செருப்பு வேண்டாம்.

பிளாவே ஆற்றோடு போகிறவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். போந்திவிக்குத் தெற்கே சான் கில்தா சிற்றாலயம், ஆற்றங்கரையில் தலைக்கு மேல் தொங்கும் பாறைக்கு அடியில் கட்டியது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் கல் ஒன்று அங்கே உண்டு. இப்படிப்பட்ட சிற்றாலயங்கள் பல நேரம் பூட்டியே இருக்கும். கோடையில் அந்தப் பகுதி ஆலயங்களில் நவீன ஓவியர்களின் கண்காட்சி நடக்கும் வாரங்களில் போனால் பலவற்றை உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆறு கடைசியில் லோரியானில் கடலைத் தொடுகிறது. 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்ட இடம் பிடித்த கரை அது. புதுச்சேரிக்குக் கப்பல்கள் கிளம்பியதும் சோழமண்டலத்துத் துணி வந்து இறங்கியதும் அங்கேதான். எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் இருக்கும் கம்பெனி அருங்காட்சியகத்துக்கு லோரியானிலிருந்து படகிலேயே போகலாம். நேரம் இல்லை என்று பலரும் விட்டுவிடும் இடம் அது. நான் போனபோது, சாயம் மங்காத பூப்போட்ட இந்தியப் பருத்தித் துணிகள் வைத்த கூடத்தில் என்னைத் தவிர ஒரு காவலர் மட்டும்தான் இருந்தார்.