பூமியின் வயதைப் பற்றி வாதாடும்போது சறுக்கும் இடங்கள்

திரிசூலம் ஸ்டேஷனில் நின்றால், குவாரிக்காரர்கள் பாதி தின்று மிச்சம் வைத்த குன்று தெரியும். அதைப் பார்த்தபடி ஒருநாள் மச்சானுக்கும் எனக்கும் வாக்குவாதம்: பூமிக்கு எத்தனை வயது? பல நூறு கோடி ஆண்டுகள் என்று சொன்ன என் பக்கம்தான் நியாயம். ஆனால் முதல் வாக்கியத்திலேயே, "அதான் கார்பன் டேட்டிங்ல நிரூபிச்சாச்சே" என்று சொல்லித் தொலைத்தேன். அதோடு என் கதை முடிந்தது.

கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள். 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளப்பதற்கு அதில் மிச்சம் இருக்காது. அதுவும் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தவற்றுக்குத்தான். கீழடிக் கரித்துண்டுக்குச் சரி, கல்லுக்கு ஆகாது. கல்லுக்கு வேண்டியது யுரேனியம் போல மெதுவாகச் சிதைவது. யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாறவே 447 கோடி ஆண்டுகள் ஆகும்.

கோடிக் கணக்கிலும் பலர் வழுக்குகிறார்கள். ஒரு பில்லியன் என்பது 100 கோடி. ஆகவே பூமியின் வயதான 4.54 பில்லியன் ஆண்டுகள் என்றால் 454 கோடி. அவசரத்தில் 45 கோடி என்று எழுதினால், மீன்களே பூமியைவிட மூத்தவை ஆகிவிடும்!

மச்சானின் அடுத்த கேள்வி நல்ல கேள்வி. "அப்ப இந்த மலையை அளந்தா போதுமே, மாப்ள?"

போதாது. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பக்கமுள்ள இந்தக் கல்லின் பெயர் சார்னோகைட். நீலம் ஓடிய கருமை. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக்கல்லும் இதே வகை என்பதால், புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் வைத்த பெயர் அது. இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அது பூமியின் வயது அல்ல, இந்தக் கல் இந்த உருவத்துக்கு வந்த காலம். பூமி தன் பழைய தோலை உருக்கியும் அரைத்தும் புதுசு செய்துகொண்டே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளுக்குச் சுமார் 440 கோடி வயது. பூமி அதற்கும் மூத்தது என்பதை மட்டுமே அவை சொல்லும்.

அதனால்தான் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களிடம் போனார். சூரியக் குடும்பம் உருவானபோது பூமியோடு சேர்ந்து பிறந்து, பிறகு பெரிதாக மாறாதவை அவை. அவற்றின் ஈயத்தை அளந்து 1956இல் அவர் சொன்ன கணக்கு 455 கோடி. 'விண்கல் வயது எப்படிப் பூமியின் வயதாகும்?' என்று எதிராளி கேட்பார். இந்தப் படியை விழுங்கிவிட்டுப் பேசுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. பதில் இருக்கிறது: கடலடி வண்டலின் ஈயத்தையும் பேட்டர்சன் பார்த்தார். வரைபடத்தில் அதுவும் விண்கற்களின் ஈயம் போட்ட அதே கோட்டில் வந்து விழுந்தது.

"விஞ்ஞானிகள் மாத்திக்கிட்டே இருப்பாங்க" என்பார்கள். 'அறிவியல்னா அப்படித்தான்' என்று மழுப்பாதீர்கள். இயற்பியலாளர் கெல்வின் 1862இல் 2 கோடியிலிருந்து 40 கோடி வரை என்றார். பூமியை உள்ளே எதுவும் நகராத, ஆறிக்கொண்டிருக்கும் திடப்பொருளாக நினைத்துப் போட்ட கணக்கு அது. உள்ளே வெப்பம் சுலபமாக நகர்ந்தால் வயது கூடுமே என்று 1895இல் சுட்டிக்காட்டியவர், அவரிடமே உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி. 1956க்குப் பிறகோ எண் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் 1980க்குப் பிறகு உறைந்த பாறைக்கு லட்சக்கணக்கில் வயது வந்ததே என்றும் கேட்பார்கள். லாரிக்கான எடை மேடையில் மூக்குத்தியை வைத்துவிட்டு, எடை தப்பு என்பது போலத்தான். அங்கே பயன்படுத்திய பொட்டாசியம்-ஆர்கான் முறை (பொட்டாசியம் மெதுவாகச் சிதைந்து ஆர்கான் வாயு ஆவதை வைத்து வயதைக் கணிப்பது) மிகப் பழைய பாறைகளுக்கானது.

கடைசியாக, நம் வீட்டுச் சறுக்கல். பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டு, முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவது. 432 கோடி என்பது அந்தப் பகலின், அதாவது ஒரு கல்பத்தின், முழு நீளம். அதே கணக்கில் இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடிதான். இதை மட்டும் மாமியார் முன்னால் பேச வேண்டாம்.

ரயில் வந்தது. ஏறும்போது மச்சான் குன்றைத் திரும்பிப் பார்த்தார். "250 கோடி வருஷத்துக் கல்லையா மாப்ள உடைச்சு ஜல்லி ஆக்கினோம்?"