மாநகராட்சிக் கட்டுமானப் பணிகளுக்கு முதன்முறையாக ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) அளிப்பது எப்படி?

தமிழ்நாட்டின் மாநகராட்சிகளில் மழைநீர் வடிகால், சிமென்ட் சாலை, பள்ளிக் கட்டடம் போன்ற பணிகளைத் தம் பெயரிலேயே எடுத்துச் செய்ய விரும்பும் சிறிய ஒப்பந்ததாரர்களுக்காக இந்த விளக்கம் எழுதப்படுகிறது. தனியார் வீடுகளைக் கட்டியோ, பெரிய ஒப்பந்ததாரர்களிடம் துணை ஒப்பந்தம் எடுத்தோ பழகியவருக்கு வேலை நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அரசுப் பணியில் லாபமும் நட்டமும் பெரும்பாலும் விலை எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன என்பதை, முதல் பணியின் இறுதிப் பட்டியல் (பில்) கைக்கு வந்த பிறகே பலர் உணர்கிறார்கள்.

இந்நடைமுறை முழுவதற்கும் அடிப்படை 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகளுமாகும். இரண்டும் அதிக நீளமில்லாதவை. ஒருமுறையாவது முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.

1. பதிவும் மின் கையொப்பமும்

ஒப்பந்ததாரர்கள் பண மதிப்பின்படி வகுப்புகளாகப் பதிவு செய்யப்படுகிறார்கள். எந்த வகுப்பில் பதிவு பெற்றிருக்கிறீர்களோ, அதற்குரிய உச்சவரம்புக்குள் உள்ள பணிகளுக்கு மட்டுமே நீங்கள் போட்டியிட முடியும். பதிவுக்கு நிரந்தரக் கணக்கு எண், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்குகள், சொத்து மதிப்பையோ வங்கி நிலையையோ காட்டும் நாணயச் சான்று, முன்பு செய்த பணிகளுக்கான சான்றுகள் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும்.

அடுத்து, மாநில அரசின் மின்கொள்முதல் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, மூன்றாம் வகுப்பு மின் கையொப்பச் சான்றிதழை அதனுடன் இணைக்க வேண்டும். கையொப்பம் அடங்கிய டோக்கனையும் அதன் கடவுச்சொல்லையும் பக்கத்துக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. சட்டப்படி அது உங்கள் கையெழுத்தேயாகும்; வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு இன்னொருவரிடம் விட்டுவருவதற்கு ஒப்பான இந்தச் செயலைத் தவிர்த்து, தளத்தில் ஆவணங்களை ஏற்றுவதை நீங்களோ உங்கள் வீட்டாரோ கற்றுக்கொள்வதே பாதுகாப்பானது.

2. அறிவிப்பையும் ஆவணத்தையும் படித்தல்

அறிவிப்புகள் மின்கொள்முதல் தளத்தில் வெளியாகும். விதிகளின்படி, இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிகளுக்குக் குறைந்தது 15 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றுக்குக் குறைந்தது 30 நாள்களும் அவகாசம் தரப்பட வேண்டும். அதைக் குறைப்பதென்றால் மேல்நிலை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினைந்து நாள்கள் பார்வைக்கு அதிகமாகத் தோன்றினாலும், வைப்புத்தொகையைத் திரட்டுதல், சான்று வாங்குதல், களத்தைப் பார்த்தல் ஆகிய மூன்றும் சேரும்போது போதாமல் போய்விடும். எனவே ஆவணத்தை முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தப்புள்ளியுடன் கட்டும் முன்வைப்புத்தொகை சாதாரணமாகப் பணி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேற்படாது. பணி கிடைத்த பின் கட்ட வேண்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை சாதாரணமாக 5 விழுக்காட்டுக்கு மேற்படாது. எந்த வடிவில், யார் பெயரில், எந்தத் தேதி வரை செல்லுபடியாகும் வகையில் இவை தரப்பட வேண்டும் என்று ஆவணம் சொல்கிறதோ, அதிலிருந்து ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. விலை திறக்கப்படாமலேயே வெளியேற்றப்படும் ஒப்பந்தப்புள்ளிகளில் கணிசமானவை இத்தகைய சிறிய குறைகளாலேயே வெளியேறுகின்றன.

3. உங்கள் கொள்ளளவைக் கணக்கிடுதல்

சற்றுப் பெரிய பணிகளில் ஒப்பந்ததாரரின் கொள்ளளவை, அதாவது அவர் இன்னும் எவ்வளவு மதிப்புக்குப் பணி ஏற்க முடியும் என்பதை, கணக்கிட்டுக் காட்டச் சொல்வார்கள். கடந்த ஐந்தாண்டுகளில் ஏதேனும் ஓராண்டில் நீங்கள் செய்துமுடித்த பணிகளின் உச்ச மதிப்பை, புதிய பணிக்கு விதிக்கப்பட்ட கால அளவாலும் ஆவணம் குறிப்பிடும் பெருக்கெண்ணாலும் பெருக்கி, அதிலிருந்து அந்தக் காலத்துக்குள் முடிக்க வேண்டிய கைவசப் பணிகளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். உச்ச மதிப்பு ஒரு கோடி, காலம் ஆறு மாதம், பெருக்கெண் இரண்டு என்று கொண்டால் ஒரு கோடி வரும். கைவசம் 60 லட்சத்துக்குப் பணி இருந்தால் மிஞ்சுவது 40 லட்சம் மட்டுமே. அதற்கு மேற்பட்ட பணிக்கு நீங்கள் எவ்வளவு குறைவாக விலை எழுதினாலும் பயனில்லை. கைவசப் பணியை மறைத்து எழுதினால், பின்னர் தெரியவரும்போது வைப்புத்தொகையை இழப்பதோடு கறுப்புப் பட்டியலிலும் சேர நேரலாம்.

4. இடத்தை நேரில் பார்த்தல்

மதிப்பீட்டில் எல்லாத் தெருவும் ஒரே தெருவாகத்தான் தெரியும். நேரில் சென்றால்தான் டிப்பர் லாரி திரும்ப இடமிருக்கிறதா, ரெடிமிக்ஸ் வண்டி நுழையுமா, தோண்டும் பாதையில் மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் எங்கே கிடக்கின்றன, எத்தனை அடியில் ஊற்றுநீர் வருகிறது என்பதெல்லாம் விளங்கும். அந்தத் தெருவில் அண்மையில் பள்ளம் தோண்டிய பிளம்பரிடமோ மேஸ்திரியிடமோ பத்து நிமிடம் பேசினால் மண்ணின் தன்மையும் தெரிந்துவிடும்.

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழையையொட்டிச் சாலை வெட்டுக்கு மாநகராட்சி தடை விதிப்பது வழக்கம். ஆகஸ்டில் பணி ஆணை கிடைக்கும் ஆறு மாதப் பணியில் பாதிக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்குள் விழும். ஆட்களுக்கான செலவும் கான்கிரீட் அடைப்புக்கான தகடு, முட்டு வாடகையும் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

5. விலையைக் கட்டுதல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்து, ‘மற்றவர்கள் பத்து விழுக்காடு குறைப்பார்கள், நான் பன்னிரண்டு குறைக்கிறேன்’ என்று எழுதுவது சூதாட்டம் என்றே நான் கருதுகிறேன். மதிப்பீடு பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலைக் கொண்டு போடப்படுவது. குவாரியிலிருந்து உங்கள் தெருவுக்கு ஜல்லி வந்துசேரும் உண்மையான விலை அதிலிருந்து மேலேயோ கீழேயோ விலகியிருக்கும். மதிப்பீட்டில் உள்ள ஒவ்வோர் இனத்துக்கும் (வேலை வகைக்கும்) பொருள், கூலி, இயந்திரம், நிர்வாகச் செலவு, லாபம் எனப் பிரித்து உங்கள் சொந்த விலையைக் கட்டிய பிறகே மதிப்பீட்டுடன் ஒப்பிட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நூறு மீட்டர் நீளமும் உள்ளளவில் 60 செ.மீ. அகலமும் 75 செ.மீ. ஆழமும் கொண்ட மழைநீர் வடிகாலை எடுத்துக்கொள்வோம். சுவரும் தளமும் 15 செ.மீ. கம்பிக் கான்கிரீட், அடியில் 10 செ.மீ. கனத்துக்கு 1.1 மீட்டர் அகலச் சாதாரண கான்கிரீட். மேல்மூடியைத் தவிர்த்தால், தளத்துக்கு 13.5 கன மீட்டரும் இரு சுவர்களுக்கும் 22.5 கன மீட்டரும் ஆக மொத்தம் 36 கன மீட்டர் கம்பிக் கான்கிரீட் வரும். களத்திலேயே எம்20 தரக் கான்கிரீட் கலவை போட்டால் கன மீட்டருக்கு ஏறத்தாழ எட்டு மூட்டை என்ற கணக்கில் 288 மூட்டை சிமென்ட் தேவைப்படும். இதுவரை யாரும் தவறுவதில்லை.

தவறு நிகழ்வது மண் வேலையில்தான். ஒரு மீட்டர் ஆழத்துக்கு, 1.1 மீட்டர் அகலத்தில் வரைபடப்படி தோண்டினால் 110 கன மீட்டர். ஆனால் வெளிச்சுவருக்குத் தகடு அடைத்து ஆள் நின்று வேலை செய்ய இருபுறமும் 30 செ.மீ. இடம் விட்டால் அகலம் 1.5 மீட்டராகி, நீங்கள் தோண்டுவது 150 கன மீட்டராகிறது. அந்தக் கூடுதல் 40 கன மீட்டருக்குப் பணம் உண்டா என்பதை ஆவணத்தில் உள்ள அளவீட்டு விதி முடிவு செய்யும். இல்லையென்றால் அந்தச் செலவை 110 கன மீட்டருக்கான விலைக்குள் அடக்க வேண்டும். தோண்டிய மண் உப்பிப் பெருகும் என்பதால், லாரிக் கணக்கைப் பள்ளத்தின் அளவை வைத்துப் போட்டால் லாரி நடைகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாக வந்துவிடும். சந்தையில் மண்ணும் ஜல்லியும் நூறு கன அடி கொண்ட ‘யூனிட்’ கணக்கில் பேசப்படுகின்றன; ஒரு யூனிட் 2.83 கன மீட்டர் என்பதை மாற்றும்போது கவனியுங்கள்.

தகடு அடைப்பும் அப்படித்தான். இரு சுவர்களின் நான்கு முகங்களும் தளத்தின் இரு விளிம்புகளும் சேர்ந்து இந்தச் சிறிய வடிகாலுக்கே 330 சதுர மீட்டர் வருகின்றன. இது தனி இனமாகத் தரப்பட்டிருக்கிறதா, கான்கிரீட் விலைக்குள்ளேயே அடங்கியதா என்பதைப் படிக்காமல் கான்கிரீட்டுக்கு விலை எழுதுபவர் சம்பாதிக்க வாய்ப்பில்லை. ஊற்றுநீர் இறைப்பு, பழைய கட்டுமானத்தை உடைத்தல், தடுப்பு வேலி, இரவு விளக்கு ஆகியவற்றையும் இதே கண்ணோடு தேடிப் பாருங்கள்.

விலை ஜிஎஸ்டியை உள்ளடக்கியதா என்பது அடுத்த கேள்வி. உள்ளாட்சி அமைப்புகளுக்கான பணி ஒப்பந்தங்களுக்கு 2022 ஜூலை 18 முதல் வரி 18 விழுக்காடாக இருக்கிறது. இதில் தவறினால் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் ஈடாகாது.

கடைசியாக, கையில் எவ்வளவு பணம் வரும் என்று பாருங்கள். வரி நீங்கலாகப் பத்து லட்ச ரூபாய்க்குப் பட்டியல் போட்டால், தனிநபர் ஒப்பந்ததாரருக்கு வருமான வரிப் பிடித்தம் 1 விழுக்காடு. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டிருந்தால் ஜிஎஸ்டி பிடித்தம் 2 விழுக்காடு. கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 விழுக்காடு மதிப்பீட்டில் தனியாக ஒதுக்கப்படவில்லையென்றால் அதுவும் உங்கள் கணக்கில் சேரும். ஆவணம் 5 விழுக்காடு நிறுத்திவைக்கச் சொன்னால், மொத்தம் 90,000 ரூபாய் அப்போதைக்குக் கைக்கு வராது. வரிப் பிடித்தங்கள் பின்னர் கணக்கில் திரும்பும் என்றாலும், சனிக்கிழமைக் கூலியை அவற்றைக் கொண்டு கொடுக்க முடியாது. கடன் வாங்கி நடத்துவதாக இருந்தால் அந்த வட்டியும் விலையில் இடம்பெற வேண்டும். மதிப்பீட்டைவிட மிகக் குறைத்து எழுதுவோரிடம் கூடுதல் பாதுகாப்பு வைப்பும் கேட்கப்படலாம்.

6. தளத்தில் ஏற்றுதல்

இரு உறை முறையில் தகுதி ஆவணங்கள் ஒன்றிலும் விலை மற்றொன்றிலும் இருக்கும். விலையைப் பற்றிய எந்தக் குறிப்பும் முதல் உறையில் கலந்துவிடக்கூடாது. தளம் தரும் விலைப்பட்டியல் கோப்பின் பெயரையோ கட்டமைப்பையோ மாற்றாமல், உரிய கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். சான்றுகளை முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டால் கடைசி நாள் நெரிசல் குறையும். தளத்தின் திரையில் ஓடும் நேரமே செல்லுபடியாகும். உங்கள் கைக்கடிகாரம் கணக்கில் வராது. சமர்ப்பிப்பை உறுதிசெய்து, புள்ளி எண்ணுடன் கூடிய ஒப்புகையைச் சேமித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

7. திறப்புக்குப் பிறகு

தகுதி பெற்றவர்களின் விலை மட்டுமே திறக்கப்படும். குறைந்த விலை அளித்தவரின் தொகையும் சந்தை நிலவரத்தைவிட அதிகம் எனக் கருதப்பட்டால், அவருடன் மட்டும் விலைக்குறைப்புப் பேச்சு நடத்தலாம். அழைப்பு வந்தால் உங்கள் விலைப் பகுப்பாய்வைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். எந்த இனத்தில் எவ்வளவு இறங்க முடியும் என்று அதுதான் சொல்லும். ஏற்பு ஆணை சட்டத்துக்கு முரணானது என்று கருதினால், அது கிடைத்த நாளிலிருந்து பத்து நாள்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பணி உங்களுக்குக் கிடைத்தால், குறித்த நாளுக்குள் பாதுகாப்பு வைப்பைக் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பணி ஆணையைப் பெறுங்கள். முதல் மண்வெட்டு விழுமுன், இளநிலைப் பொறியாளரை அழைத்துத் தரைமட்டங்களைக் கூட்டாக எடுத்து பணியின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தில் பதியச் செய்து, தேதியுடன் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டிய பிறகு பழைய மட்டம் எது என்பதை நிறுவ வேறு வழி கிடையாது.