ஆனேக்கல் நிலத்தில் புல் திரும்பி வந்தது – என் அனுபவம்

வீடு பெங்களூரு அல்சூரில். ஆனேக்கல் பக்கம் மூன்று ஏக்கர், நாலு மாடு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிவிடும். மாடுகள்தான் நிலத்தைக் கெடுக்கின்றன என்று நினைத்து, அவற்றை விற்றுவிடலாம் என்றே முடிவெடுத்திருந்தேன்.

பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் காங்கேயத்துப் பெரியவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். "மாட்டு மேல தப்பில்லீங்க தம்பி. துளுத்த புல்லையே திரும்பத் திரும்பக் கடிக்க வுடறீங்க. வேர் புடிக்க நேரமே இல்லீங்களே" என்றார். அவர் ஊர்க் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) கிளுவைச் செடியால் வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லைப் பகுதி பகுதியாக மேய்ப்பார்கள். ஜிம்பாப்வேயின் சூழலியலாளர் ஆலன் சேவரி பரப்பிய சுழற்சி மேய்ச்சலும் இதற்கு நெருக்கம்தான். (இப்படி மேய்த்தால் பாலைவனமே பசுமையாகும் என்ற அவர் வாதத்தைப் பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.)

சோலாரில் ஓடும் மின்வேலிக் கயிறு கட்டி 12 கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் மூன்று நாள் மேய்ச்சல், பிறகு 33 நாள் ஓய்வு. புல் நாலு விரல் உயரத்துக்கு இறங்கினால் உடனே நகர்த்திவிடுவேன். கோடையில் மேய்ச்சலே இல்லை, வைக்கோல்தான்.

மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அறிய, அடி வெட்டிய பால்பவுடர் டப்பாவை மண்ணில் அழுத்தி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதலில் அரைமணி நேரம் அப்படியே நின்றது. இரண்டு மழைக்காலம் கழித்து, அதே இடத்தில் ஐந்தே நிமிஷம்! சாணியைப் புரட்டினால் அடியில் வண்டுத் துளைகள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு அல்சூர் நண்பர்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். டப்பாவில் நேரம் பார்ப்பது பிள்ளைகள் வேலை. புல்லின் பெயர்களைப் பெரியவர் சொல்லித் தருகிறார். போன வாரம் எதிர் நிலத்துக்காரர் கயிறும் கம்பமும் இரவல் வாங்கிப் போனார்.