தென்னந்தோப்பில் ஊடுபயிர்: கன்று வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தோப்புகளில் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் நட்டால், ஏக்கருக்கு ஏறத்தாழ 70 தென்னைகள் நிற்கும். தென்னையின் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி தண்டிலிருந்து 2 மீட்டர் தொலைவுக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஒரு மரத்துக்கென்று விட்ட நிலத்தில் கால் பங்கைக்கூட அது முழுதாகப் பயன்படுத்துவதில்லை. மீதி நிலத்துக்கும் உழவுக்கூலி, களைக்கூலி கொடுக்கிறோம், வரவுதான் இல்லை.

அந்த இடத்தில் ஊடுபயிராக, அதாவது தென்னைகளுக்கு இடையே, எதை நடலாம் என்பதை முதலில் மரத்தின் வயதே சொல்லும். ஏழெட்டு ஆண்டுகள் வரை வாழை, மரவள்ளி, நிலக்கடலை நன்றாக வரும். அதன் பிறகு 20 வயது வரை நிழல் அடர்ந்திருக்கும். அப்போது எதையும் திணிக்காமல் இருப்பதே நல்லது. மரம் உயர்ந்து, உச்சி வேளையில் தரையில் வெயில் திட்டுத்திட்டாக விழத் தொடங்கிய தோப்பே கோகோவுக்கும் ஜாதிக்காய்க்கும் மிளகுக்கும் ஏற்றது.

அடுத்தது தண்ணீர். பலரும் சறுக்குவது இங்கேதான். கோடையில் சொட்டுநீரில் ஒரு தென்னைக்கே நாளொன்றுக்கு 65 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கிணறு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்து வைத்து, தென்னையின் பங்கு போக மிச்சம் இருந்தால் மட்டுமே கன்று வாங்குங்கள். இருப்பதைப் பங்கிட்டுக் கொடுத்தால் ஊடுபயிரும் தேறாது, தென்னையிலும் குரும்பை கொட்டும். நீரைப் போலவே உரத்தையும் இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

கோகோ நான்காம் ஆண்டு வாக்கில் காய்ப்புக்கு வரும். அதன் வரவைக் கணக்கிடும்போது விலையைவிட ஆள்கூலியைக் கூர்ந்து பாருங்கள். கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குவது), பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பறிப்பு, அணில் சேதம் எல்லாம் செலவுப் பக்கத்தில் வரும். காயைக் கத்தியால் பிளந்தால் விதை வெட்டுப்படும் என்பதால் மரக்கட்டையில் தட்டித்தான் உடைக்க வேண்டும். வெள்ளைச் சதையோடு வழியும் விதைகளைக் கூடையில் குவித்து, வாழையிலையால் மூடி, ஒன்றுவிட்டு ஒருநாள் கிளறிவிட்டால், ஓரிரு நாளிலேயே குவியலுக்குள் விட்ட கை சுடும்; ஆறு நாள் இப்படிப் புளித்துப் பிறகு காய்ந்த விதைக்கே நல்ல விலை உண்டு. உலகச் சந்தையில் 2024இல் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய கோகோ விலை 2025இல் வெகுவாக இறங்கியது. உச்ச விலையை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

ஜாதிக்காயில் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றையே வாங்குங்கள். விதைக்கன்றில் ஆணா பெண்ணா என்பது ஆறேழு ஆண்டு கழித்துப் பூத்த பிறகே தெரியும். பாதிக் கன்றுகள் ஆணாகிப் போனால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண்.

உதிர்ந்த கோகோ இலையையும் தென்னை மட்டையையும் எரிக்காமல், மண்ணை மறைக்கும் மூடாக்காகப் போடுங்கள். மண்ணின் ஈரமும் நிற்கும், உரச்செலவும் குறையும். 2016 முதல் இப்பகுதித் தென்னையை வாட்டும் சுருள் வெள்ளை ஈக்காக ரசாயனம் தெளித்தால், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்தே சாகும்.

முழுத் தோப்பிலும் ஒரே மூச்சில் நட வேண்டாம். ஒரு ஏக்கரில் நட்டு, அதற்கெனத் தனி நோட்டில் கூலியும் தண்ணீரும் எழுதி, இரண்டு கோடைகளைக் கண்ட பிறகு அடுத்த ஏக்கருக்குக் குழி எடுங்கள்.