தப்பான எரிபொருள் போட்டுவிட்டால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

என் மச்சான் தன் டீசல் காரில் திருச்சிக்குக் கிளம்பினார். வழியில் ஒரு பங்க். போனில் பேசிக்கொண்டே கண்ணாடியை இறக்கி, "2,000 ரூபாய்க்கு" என்றார். டீசல் என்று சொல்லவில்லை. அங்கிருந்த பையன் பெட்ரோலைப் போட்டுவிட்டான். டீசல் காரின் டேங்க் வாய் பெரும்பாலும் அகலம் என்பதால் பெட்ரோல் நாசில் தடையில்லாமல் உள்ளே போய்விடும். பில்லைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே என்று வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரங்கட்டினார். அங்கேதான் செலவு ஏறியது.

டீசல் இன்ஜினின் உயர் அழுத்த பம்புக்கு வழவழப்பு கொடுப்பதே டீசல்தான். பெட்ரோல் அதைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசிப் பொடி கிளம்பும், அது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போய் அடைக்கும். ஸ்டார்ட் செய்யாமல் விட்டால் டேங்கைக் காலி செய்து கழுவுவதோடு வேலை முடிந்துவிடும். சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடத் திருப்ப வேண்டாம். பல கார்களில் அப்போதே டேங்கில் உள்ள பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். நியூட்ரலில் போட்டு நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள். "கொஞ்சம்தானே, மேலே டீசலை நிரப்பி ஓட்டிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அது பழைய காலத்து இன்ஜினுக்கான பேச்சு, மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இப்போதைய 'காமன் ரெயில்' இன்ஜின் தாங்காது.

பெட்ரோல் வண்டியில் டீசல் போய்விட்டால் புகை கக்கும், பிளக் கருத்துப்போகும், நின்றுவிடும். பெரும்பாலும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பிஎஸ்6 எனும் புகை மாசு விதிப்படி வந்த டீசல் கார்கள் சிலவற்றில் நீல மூடி போட்ட தனித் தொட்டி ஒன்று இருக்கும். அதில் ஊற்ற வேண்டிய, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டாலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

பங்கில் ஜீரோ பார்க்க நாம் எல்லோரும் பழகிவிட்டோம். மெஷினில் பெட்ரோலா டீசலா என்று பார்க்கத்தான் மறந்துவிடுகிறோம். இறங்கி நின்று, வாய்விட்டுச் சொல்லி, நாசில் உள்ளே போவதைப் பார்த்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள்.

அடுத்தது ஆக்டேன் எண் கூடுதலான பிரீமியம் பெட்ரோல். ஆக்டேன் என்பது இன்ஜின் 'நாக்' ஆகாமல், அதாவது பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம் வராமல் தடுக்கும் திறனே தவிர சக்தி அல்ல. கையேட்டில் 91 போதும் என்று இருந்தால், கூடுதல் ஆக்டேனுக்குக் கொடுக்கும் காசுக்குப் பெரிய பலன் கிடைக்காது. 95 கேட்கும் இன்ஜினுக்குக் குறைந்ததைப் போடுவதுதான் தவறு.

இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் எனும் ஆல்கஹால் கலந்த பெட்ரோல் விஷயத்தில் உங்கள் வண்டி எந்த வருடத்தது என்று பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், அது 20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றதா என்று கையேட்டையும் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் பார்த்துவிடுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அது கோளாறு இல்லை. ஆனால் எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் நிற்கும் பழைய பைக்குக்கு இதுதான் ஆபத்து. டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் டியூபையும் பார்க்கச் சொல்லுங்கள்.