ரோட்டரி இஞ்சின் ‘ஸ்மூத்’ என்கிறோமே, எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்?

கோயம்புத்தூர்க்காரர்களிடம் ரோட்டரி இஞ்சின் பேச்சை எடுத்தால் பாதிப் பேர் சொல்வது இதுதான்: “நம்ம பம்ப்செட் மோட்டார்ல ரோட்டர் சுத்துதில்லீங்க, அதேதான். அப்புறம் எங்கிருந்து அதிரும்?” தப்பு இங்கேயே ஆரம்பிக்கிறது. மோட்டார் ரோட்டர் தன் அச்சில் நின்ற இடத்திலேயே சுற்றும். ஃபெலிக்ஸ் வான்கெல் உருவாக்கிய ரோட்டரி இஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாக இருக்கும் முக்கோண ரோட்டர், எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் (நடு அச்சிலிருந்து விலகிய உருளை கொண்ட தண்டு) மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். தானும் சுற்றும், அதன் நடுப்புள்ளியும் ஒரு வட்டம் போடும். எதிர்பாரம் கட்டாமல் ஓட்டினால் தாராளமாக உதறும். ஆனால் அந்த உதறல் வட்டத்திலேயே சுற்றுவதால் எதிர்ப்புறம் சரியான எடையைக் கட்டினால் முழுசாக அடங்கிவிடும். கணபதி பக்கம் பட்டறைகளில் பேலன்ஸிங் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சாதா இஞ்சினில் சிலிண்டருக்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 200 தரம் நின்று திரும்புகிறது. நாலு சிலிண்டரில் ரெண்டு மேலே போகும்போது ரெண்டு கீழே வருகிறதே, நேர் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. பிஸ்டனை கிராங்க் என்ற சுழல் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியை வேகமாகவும் கீழ்ப்பாதியை நிதானமாகவும் கடக்கிறது. அந்த வித்தியாசம் நாலு பிஸ்டனிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்து, கிராங்க் ஒரு சுற்று முடிப்பதற்குள் ரெண்டு தரம் இஞ்சினைக் குலுக்கும். வேகம் இரட்டித்தால் குலுக்கல் நாலு மடங்கு. பெருந்துறை தாண்டி மூன்றாவது கியரில் ஒரு லாரியை முந்தும்போது, ஆக்சிலரேட்டர் மிதி வழியாக உள்ளங்காலில் ஒரு ‘சுர்ர்’ ஏறுமே, அதில் பெரும்பங்கு இதுதான். பெரிய நாலு சிலிண்டர் இஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் (எதிர் எடை கொண்ட சுழலும் தண்டு) போடுவதும் இதை அடக்கத்தான்.

இதைக் கேட்டுவிட்டு ‘பிஸ்டன் என்றாலே உதறும்’ என்று முடிவு கட்டுவது அடுத்த தப்பு. நம்மில் பலரும் அளவுகோலாக வைத்திருப்பது வீட்டில் நிற்கும் மூணு சிலிண்டர் சின்னக் காரை. சிக்னலில் அது நடுங்குவதை வைத்து மொத்த பிஸ்டன் குலத்தையும் குறை சொல்ல முடியாது. வரிசையாக ஆறு சிலிண்டர் வைத்த இஞ்சினில் நான் மேலே சொன்ன குலுக்கல்கள் தாமாகவே ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். ரோட்டரியை நிறுத்திப் பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில். (மூணு சிலிண்டரையும் இளப்பமாக நினைக்க வேண்டாம். நம்மூர் ரேஸ்காரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டியது மாருதி 800 இஞ்சினை வைத்துத்தான்.)

‘ரோட்டரியில் வெடிப்பு அதிகம், அதனால் ஸ்மூத்’ என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. மஸ்தாவின் 13பி இஞ்சினில் ரெண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு வெடிப்பு. நாலு சிலிண்டர் காரிலும் அதே ரெண்டுதான். வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, ஒவ்வொன்றும் நீடிக்கும் நேரத்தில் இருக்கிறது. பிஸ்டன் தள்ளும் தள்ளு ஷாஃப்டில் 180 டிகிரியில் முடிந்துவிடும். ரோட்டரின் தள்ளு 270 டிகிரி வரை நீளும். முதல் தள்ளு ஓயும் முன்பே அடுத்தது வந்து சேர்ந்துகொள்வதால் இழுவை அறுபடாமல் வருகிறது. இன்னொன்று, ஆர்பிஎம் மீட்டர் 9000 காட்டும்போது ரோட்டர் சுற்றுவது 3000தான். மீட்டர் காட்டுவது ஷாஃப்டின் வேகம்.

மஸ்தா என்றால் நமக்கெல்லாம் ஸ்வராஜ் மஸ்தா வேன்தான், அதில் இருந்ததோ சாதா டீசல் பிஸ்டன் இஞ்சின். ரோட்டரியை வீடியோவில் கேட்டவர்களே அதிகம். அதில் வரும் ‘ப்ராப் ப்ராப்’ சத்தத்தைக் கேட்டு ‘இதுவா ஸ்மூத்?’ என்று சிரிக்கிறவர்களும் உண்டு, அதுதான் ரோட்டரியின் இயல்பான ஐட்லிங் (வண்டி நிற்கும்போது ஓடும் ஓட்டம்) என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. ரெண்டும் சரியில்லை. அது ரேஸுக்காகப் போர்ட்டை, அதாவது காற்றும் புகையும் போய்வரும் துளையை, வெட்டிப் பெரிதாக்கிய இஞ்சின். எரிந்த புகை வெளியேறுவதற்குள் இன்டேக் (காற்று உள்ளே வரும் வழி) திறந்துவிடுவதால், மெதுவாக ஓடும்போது ஒரு தரம் பற்றும், ஒரு தரம் பற்றாது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் கார் அப்படித் துள்ளாது. 2003இல் வந்த மஸ்தாவின் ரோட்டரி கார் ஆர்எக்ஸ்-8இல் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) போர்ட்டையும் பக்கச் சுவருக்கே மாற்றி இப்படிப் புகை கலப்பதைத் தவிர்த்தார்கள். ஆனால் 1967இல் ஜெர்மனியின் என்எஸ்யு கம்பெனியின் ரோட்டரி கார் ஆர்ஓ 80 வந்தபோது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும் கோளாறு இருந்தது. அதை மறைக்கவே கியர்பாக்ஸோடு டார்க் கன்வெர்ட்டரையும் (எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தி அதிர்ச்சியை மட்டுப்படுத்தும் கருவி) சேர்த்தார்கள். ஆக, ரோட்டரியின் மென்மை வேகத்தில் வருவது. மெதுவாகப் போகும்போது அதையே எதிர்பார்க்கக் கூடாது.

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. டீசல் காரில் கியர் குறைக்க மறந்தால் உடம்பே நடுங்கி வண்டி சொல்லிவிடும். ரோட்டரி அவ்வளவு சத்தம் போட்டுச் சொல்லாது, ஏறாமல் மட்டும் நிற்கும். கீழ் வேகத்தில் அதற்கு இழுவை குறைவு, சுற்றவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். மேல் வேகத்திலும் இதே கதை. எல்லை நெருங்குவது உடம்புக்குத் தெரியாது என்பதால்தான் ஆர்எக்ஸ் கார்களில் எச்சரிக்க ஒரு பீப் வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பணத்தைக் கரைக்கும் தப்பு, ‘ஸ்மூத்தா ஓடுது, அப்போ இஞ்சின் நல்லாருக்கு’ என்று நம்புவது. ரோட்டரின் மூணு முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் அபெக்ஸ் சீல் தேய்ந்துகொண்டே போகும்போதும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். சீலுக்கு எண்ணெய் வேண்டும் என்பதால் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிப்பது அதன் அமைப்பிலேயே உள்ளது. டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் விட்டால் இஞ்சின் போகும். வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ மாப்பிள்ளையோ பழைய ஆர்எக்ஸ்-8 பார்க்கிறேன் என்றால், ஐட்லிங்கைக் கேட்டு மயங்காமல் கம்ப்ரஷன் (இஞ்சினுக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் சாதா கம்ப்ரஷன் கேஜ் ஏமாற்றும். ரோட்டரின் மூணு பக்கமும் உள்ள மூணு அறைகளில் எது அதிகமோ அந்த அளவை மட்டும் பிடித்து நிற்கும். ஒரு சீல் உடைந்தால் அதன் ரெண்டு பக்க அறையும் போகும், மூணாவது நன்றாகவே இருக்கும், கேஜும் நல்ல எண்ணைக் காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் வேண்டும். இல்லையென்றால் கேஜில் அளவைப் பிடித்து நிறுத்தும் வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லி முள்ளைப் பார்க்க வேண்டும். மூணு துள்ளலும் ஒரே உயரத்தில் வருகிறதா என்று.